மருதமுனை வீதியில் ஒரு பனிக்கால டயர்

நல்ல பொருளை விற்றவர்மேல் வழக்குப் போட முடியுமா? கல்முனை மாவட்ட நீதிமன்றத்தில் 2019இல் நான் வழக்காளிக்காகத் தாக்கல் செய்த ஒரு வழக்கு, தொடக்கத்திலிருந்து தீர்ப்பு வரைக்கும் இந்தக் கேள்வியில்தான் நின்றது. விற்கப்பட்டவை நான்கு டயர்கள். போலி இல்லை, தேய்ந்தவை இல்லை, வெடிப்பும் இல்லை. ஜப்பானில் பெயர்பெற்ற ஒரு கம்பனியின் தயாரிப்பு. உருள வேண்டிய இடத்தில் உருண்டிருந்தால் அவற்றில் ஒருவரும் குறை கண்டிருக்க மாட்டார்கள். அவை உருண்டதோ மருதமுனைக்கும் பெரியநீலாவணைக்கும் இடையிலான தார் வீதியில்.

பெயர்களை விட்டுவிட்டே எழுதுகிறேன். இரண்டு தரப்பும் இந்தக் கரையோரத்தில்தான் வாழ்கிறார்கள். கலியாண வீட்டிலும் மையித்து வீட்டிலும் ஒருவரை ஒருவர் சந்திக்கிறவர்கள்.

என் கட்சிக்காரர் மருதமுனைப் பிள்ளை. வாப்பா கைத்தறியில் உழைத்து ஆளாக்கிய மகன். கத்தாரில் சில வருடம் வேலை செய்து ஊர் திரும்பியவருக்கு ஓர் ஆசை இருந்தது: சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். பார்வைக்கு நம் வீதிகளில் ஓடும் மற்ற ஸ்விஃப்டைப் போலத்தான் இருக்கும். உள்ளே 1.6 லீற்றர் எஞ்சின், 136 குதிரைவலு, ஆறு கியர். 2018இல் ஒரு கார் சேலில் 2015ஆம் ஆண்டு உற்பத்தியான சிவப்பு நிறக் கார் ஒன்றைக் கண்டார். மச்சானையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். எஞ்சினைக் கேட்டார், கதவுகளைத் தட்டிப் பார்த்தார், அடியில் துரு இருக்கிறதா என்று பார்த்தார். கடைசியாக டயரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விதான் பிறகு வழக்கைக் காப்பாற்றியது.

“காக்கா, இந்த டயர் நம்மட றோட்டுக்குச் சரிவருமா? நான் அடிக்கடி கொழும்புக்கு ஓடுற ஆள்.”

“தம்பி, இது ஜப்பான் சொஃப்ட் டயர். றோட்டுல ஒட்டிப் புடிக்கும். ஸ்போர்ட் காருக்கெண்டே போட்டது. யோசிக்காதீங்க.”

விற்றவர் பொய் சொல்லவில்லை என்றே நான் இன்றும் நினைக்கிறேன். கையால் அழுத்திப் பார்த்தார், மென்மையாக இருந்தது. மென்மையான டயர் வீதியை நன்றாகப் பிடிக்கும் என்று எங்கோ கேட்டிருந்தார். அதையே சொன்னார்.

வாங்கியது கச்சான் காற்று அடிக்கும் காலம். வீதி அனலாகக் கொதிக்கும் மாதங்கள். வளைவில் திருப்பினால் கார் ஒரு கணம் தாமதித்துத் திரும்புவதுபோல் இருந்தது என்றும், பெரிய வீதியில் வேகம் பிடித்தால் பின்பக்கம் அலைவதுபோல் தெரிந்தது என்றும் அவர் சாட்சியத்தில் சொன்னார். புதுக் கார், பழக வேண்டும் என்று நினைத்துக்கொண்டாராம். ஐப்பசியில் முதல் மழை விழுந்தது. மாதக்கணக்காக வீதியில் படிந்த எண்ணெயும் புழுதியும் முதல் மழையில் மேலே மிதந்து வரும். அந்த ஒரு நாளில் எந்த வாகனத்தையும் மெதுவாக ஓட்ட வேண்டும் என்று இங்கே ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்குக்கூடத் தெரியும். ஏ4 வீதியில், ஓர் ஒழுங்கையிலிருந்து ஆட்டோ ஒன்று வெளியே வந்தது. பிரேக்கை மிதித்தார். பெடல் அதிர்ந்தது, கார் நிற்கவில்லை. ஆட்டோ புரண்டது. ஓட்டியவருக்குக் கால் முறிந்தது.

ஆட்டோக்காரரின் சிகிச்சைச் செலவை மூன்றாம் தரப்புக் காப்புறுதி ஏற்றது. நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸ் தாக்கல் செய்த வழக்கில் இந்தப் பிள்ளை குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டிவிட்டார். என்னிடம் வருவதற்கு முன்பே அது நடந்து முடிந்திருந்தது. கவனயீனமாக ஓட்டினேன் என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டவர், பிறகு டயர்தான் காரணம் என்று வழக்குப் போட வருகிறார். எதிர்த்தரப்புக்கு இதைவிட வசதியான தொடக்கம் வேண்டியதில்லை.

டயர்தான் காரணமோ என்ற எண்ணம் அவருக்கு வந்தது திருத்தவேலை முடிந்து வீல் அலைன்மென்ட் பார்க்கப் போன இடத்தில். அந்தக் கடைக்காரர் கல்முனையில் வாழ்நாள் முழுவதும் டயரோடு வாழ்ந்த மனிதர். குந்தி இருந்து டயரின் பக்கவாட்டைக் கையால் துடைத்தார், எழுத்தை வாசித்தார், நிமிர்ந்து கேட்டார்:

“மகன், இது ஐஸ் றோட்டு டயர். இதுலயா இவ்வளவு நாளும் ஓடித் திரிஞ்ச?”

வழக்குக்கு முன் சமரசத்துக்கு முயன்றோம். ஊர்ப் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையினர் இரு தரப்பையும் கூப்பிட்டு இருத்தினார்கள். மறைந்திருந்த குறை பிறகு தெரியவந்தால் வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற மார்க்கச் சட்டத்தை மௌலவி எடுத்துச் சொன்னார். விற்றவர் தலையசைத்துக் கேட்டுவிட்டு, “ஹஸ்ரத், குறையிருந்தாத்தானே? டயர்ல குறை என்ன எண்டு காட்டச் செல்லுங்க” என்றார். அந்தக் கேள்விக்கு அங்கே பதில் கிடைக்கவில்லை. ஆனாலும் அவர் நல்ல மனதோடு ஒரு காரியம் செய்தார். தன்னிடம் இருந்த வேறொரு ஸ்விஃப்டின் அலோய் வீல் நான்கை, நம் நாட்டுக்கேற்ற டயரோடு ஏற்றிவந்து, “இதை மாட்டிக்கொள்ளுங்க, பிரச்சினை முடிஞ்சுது” என்றார். மாட்டப் போனால் ஏறவில்லை. சாதாரண ஸ்விஃப்டின் வீலில் நான்கு நட்டு. அவை 100 மில்லிமீற்றர் வட்டத்தில் அமையும். ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டில் ஐந்து நட்டு, வட்டம் 114.3 மில்லிமீற்றர். ஒரே பெயர்கொண்ட கார்தான், ஆனால் ஒன்றின் றிம் மற்றதில் ஏறாது. கொண்டுவந்த வீல்களைத் திரும்ப ஏற்றும்போது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “போடுறத எல்லாம் போட்டுப் பாருங்க, கோட்டுல சந்திப்போம்” என்று சொல்லிப் போனார். நட்டுத் துளை ஒத்துவந்திருந்தால் இந்த வழக்கே பிறந்திருக்காது.

வழக்கை எழுத உட்காருவதற்கு முன் இந்த டயர் எதற்காகப் பிறந்தது என்பதை நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வட ஜப்பானில் பனிக்கால வீதிகளில் முன்பு இரும்பு முள் பதித்த டயர்களை ஓட்டினார்கள். பனி உருகிய இடங்களில் அந்த முட்கள் தாரைச் சுரண்டின. செண்டாய் போன்ற நகரங்களில் தார்த் தூசு காற்றில் எழுந்து மக்களின் மூச்சுக்குக் கேடாகி, பெரிய போராட்டமே நடந்தது. 1990இல் முள் டயரைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. முள் இல்லாமலே பனிக்கட்டியைப் பிடிக்கும் ரப்பரைச் செய்ய கம்பனிகள் அதற்கு முன்பே போட்டிபோட்டு இறங்கியிருந்தன. பிரிட்ஜ்ஸ்டோனின் பிளிஸாக் 1988இல் சந்தைக்கு வந்தது. ‘ஸ்டட்லெஸ்’ என்று டயரில் பொறிக்கப்படுவது அந்த வகையைத்தான்.

அதன் ரப்பர் கடும் குளிரிலும் இறுகிவிடாதபடி மிக மென்மையாகக் கலக்கப்படுகிறது. சாதாரண டயர் ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கும். இது அங்கேதான் தன் வேலையைத் தொடங்கும். மேற்பரப்பில் கத்தியால் கீறியதுபோல் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள். ஒவ்வொரு வெட்டின் விளிம்பும் பனிக்கட்டியைக் கவ்வும். அதே டயரைக் கொதிக்கும் தாரில் போட்டால், அந்த மெல்லிய துண்டுகள் பல்துலக்கும் தூரிகையின் நாரைப்போல் வளைந்து கொடுக்கும். திருப்பும்போது கார் தாமதிப்பது அதனால். பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் நீளும், ரப்பரும் வேகமாகத் தேயும். மழைநீரை வாரி ஒதுக்குவதிலும் கோடைக்கால டயருக்கு இது ஈடில்லை. ஈர வீதியில் கவனம் என்று ஜப்பானியக் கம்பனிகளே தங்கள் நாட்டு வாடிக்கையாளரை எச்சரிக்கின்றன. கல்முனையில் மார்கழி விடியலிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. இந்த டயர் தன் வேலையைத் தொடங்கும் குளிர் நமக்கு வருவதே இல்லை.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மார்கழி முதல் பங்குனி நடுப்பகுதிவரை பனிக்கால டயர் இல்லாமல் காரை வீதியில் இறக்குவது சட்டப்படி குற்றம். 2008இலிருந்து அங்கே பனிக்கால டயர் கட்டாயம். மொன்றியலில் வாழும் நம்மவர்கள் வருடம் இரண்டு தடவை டயர் மாற்றுகிறார்கள். அங்கே உயிரைக் காக்கச் சட்டம் கட்டாயமாக்கிய பொருளை இங்கே உயிருக்கு ஆபத்து என்று நான் வாதிட வேண்டியிருந்தது. இரண்டும் உண்மை. நீதிமன்றத்துக்கு அதை விளங்கப்படுத்துவதுதான் என் வேலை.

சட்டம் நமக்குக் கைகொடுத்தது. இலங்கையின் பொதுச் சட்டம் ரோமன் டச்சுச் சட்டம்தான். ஆனால் அசையும் பொருளின் விற்பனைக்கு 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் பொருந்தும். அது இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தின் அச்சில் வார்த்தது. கட்டளைச் சட்டம் பேசாத இடத்தில் ஆங்கிலச் சட்டத்தையே பார்க்க வேண்டும். கட்டளைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு இரண்டு வெவ்வேறு பாதுகாப்புகளைத் தருகிறது. பொருள் தனக்கு எதற்காகத் தேவை என்பதை வாங்குபவர் விற்பவருக்குத் தெரியப்படுத்தி, அவருடைய அறிவை நம்பி வாங்குகிறார் என்பதும் தெரிந்தால், அந்தத் தேவைக்குப் பொருள் நியாயமாகப் பொருந்த வேண்டும். இது ஒன்று. பொருள் சந்தைத் தரமாக இருக்க வேண்டும் என்பது மற்றது. இரண்டாவதில் ஒரு விதிவிலக்கு உண்டு: வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்காகப் பிறகு வழக்காட முடியாது.

பல சட்டத்தரணிகள் இரண்டையும் சேர்த்தே வழக்குரையில் எழுதுவார்கள். நான் இரண்டாவதை எழுதவில்லை. டயர் சந்தைத் தரமானதுதான் என்று நாமே ஒப்புக்கொண்டுவிட்டால், எதிர்த்தரப்பு கொண்டுவரும் சான்றிதழும் கம்பனிப் பெயரும் நம்மைத் தொடாது. எழுவினாக்கள் மூன்றே மூன்று: தேவை தெரியப்படுத்தப்பட்டதா, அறிவை நம்பி வாங்கினாரா, பொருள் பொருந்தியதா.

விசாரணை நாளில் நான்கு டயர்களில் ஒன்றைச் சான்றுப் பொருளாகக் கொண்டுவந்தோம். சாட்சிக்கூண்டுக்கு முன்னால் ஒரு மேசையில் படுக்கப்போட்டு, டயர்க் கடைக்காரர் வெள்ளைச் சோக்கால் பக்கவாட்டு எழுத்துகளின்மேல் உரசினார். கறுப்பில் கறுப்பாக மறைந்து கிடந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. 185/55 ஆர் 16. அதற்குப் பக்கத்தில் 83 கியூ. பெரிய எழுத்தில் ஸ்டட்லெஸ். ஒரு சிறிய நீள்வட்டத்துக்குள் 3215 என்ற நான்கு இலக்கம்: 2015ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. நீதிபதி இருக்கையிலிருந்து இறங்கிவந்து பார்த்தார். கடைக்காரர் கட்டைவிரல் நகத்தை ரப்பரில் வைத்து அழுத்தினார். நகத்தின் தடம் பதிந்து, மெல்ல மறைந்தது. பக்கத்தில் வைத்திருந்த சாதாரண டயரில் அதே நகத்தை அழுத்தினார். தடமே இல்லை.

அவர் நிபுணரா என்ற ஆட்சேபனை உடனே வந்தது. பட்டம் இல்லை, சான்றிதழ் இல்லை. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விசேட தேர்ச்சியைத்தான் கேட்கிறது, அதைப் பல்கலைக்கழகத்தில்தான் பெற வேண்டும் என்று சொல்லவில்லை என்று வாதிட்டேன். ஒரு தொழிலை வாழ்நாள் முழுவதும் செய்தவரின் அறிவு தேர்ச்சிதான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இந்த வழக்கில் எனக்கு மிகவும் திருப்தி தந்த கட்டளை அதுதான். நம் ஊர்களில் வலை பின்னுகிறவர், தறி கட்டுகிறவர், படகுக்கு எஞ்சின் பார்க்கிறவர் என்று எத்தனையோ பேரிடம் இருக்கும் அறிவு, பட்டம் இல்லாத ஒரே காரணத்தால் நீதிமன்ற வாசலோடு நின்றுவிடுகிறது.

ஆனால் உண்மை பேசும் சாட்சி இரு பக்கமும் வெட்டுவார். எங்கள் வழக்குரையில் டயருக்கு மட்டுமல்ல, றிம்முக்கும் நட்டஈடு கேட்டிருந்தோம். அந்தக் காருக்குக் கம்பனி போடும் அளவு 195/45 ஆர் 17. பனி நாட்டுக்காரர்கள் இரண்டாவது வீல் செட் ஒன்றைச் சிறிய றிம்மில், உயர்ந்த பக்கச்சுவருள்ள டயரோடு வைத்திருப்பார்கள். இந்தக் காரில் வந்தது அந்த 16 அங்குலச் செட். ஸ்போர்ட் காருக்குரிய றிம் எங்களுக்குத் தரப்படவில்லை என்பது எங்கள் முறைப்பாடு. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கடைக்காரரிடம் கேட்டார்: “நம்மட வீதிக்கு எது நல்லம், 16ஆ 17ஆ?” அவர் தயங்கவில்லை. “குழியும் கிடங்கும் உள்ள வீதிக்கு 16தான் நல்லம் சேர். பக்கச்சுவர் உயரம். குழியில விழுந்தா றிம் வளையாது. மொத்த உயரத்துல ரெண்டு செட்டுக்கும் வித்தியாசம் இல்லாத மாதிரித்தான், மீற்றரும் சரியாக் காட்டும்.” கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது சரி. 195/45 டயரின் பக்கச்சுவர் 88 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு, 185/55இல் அது 102ஐ நெருங்கும். வீலின் மொத்த விட்டத்தில் வேறுபாடு மூன்று மில்லிமீற்றர்கூட இல்லை. என் கட்சிக்காரரின் முகம் வாடியது. அவருக்கு 17 அங்குல அலோய்தான் அழகு. அழகுக்காக ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் எதிராளியின் பணத்தில் அதை வாங்கித்தர என்னால் வாதாட முடியாது.

‘கியூ’ என்ற எழுத்து அந்த டயரின் உச்ச வேகம் மணிக்கு 160 கிலோமீற்றர் என்பதைக் குறிக்கும். ஸ்போர்ட் கார்களுக்கு வரும் டயர்களில் வி, டபிள்யூ என்ற எழுத்துகள் இருக்கும். அவை முறையே 240, 270. அதையும் ஒரு வாதமாக வைத்தேன். இந்த வீதியில் 160இல் ஓடுவதற்கு யாருக்கு அனுமதி என்று எதிர்த்தரப்புக் கேட்டது. அது நியாயமான பதில். நான் அந்த வாதத்தை அதோடு விட்டேன்.

என் கட்சிக்காரர் கூண்டில் ஏறியபோது மூன்று பக்கத்திலிருந்தும் நெருக்கினார்கள். ‘ஸ்டட்லெஸ்’ என்ற எழுத்து எல்லோருக்கும் தெரியும்படி டயரில் இருந்ததுதானே? வாங்குமுன் நீர் காரைச் சுற்றிப் பார்த்தீர்தானே? நீதவான் நீதிமன்றத்தில் நீரே பிழையை ஒப்புக்கொண்டீர்தானே? மூன்றுக்கும் ஆம் என்றார். நான் அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன்: உண்மை எதுவோ அதை மட்டும் சொல்லுங்கள். எழுத்தைக் கண்டீரா என்று கேட்டபோது, “கண்டிருக்கலாம் சேர். கண்டாலும் எனக்கு விளங்காது. விளங்காததாலதானே அவருக்கிட்டக் கேட்டேன்” என்றார். தங்கியிருத்தல் என்று சட்டம் சொல்வதை அதைவிடத் தெளிவாக நான் எந்தப் புத்தகத்திலும் வாசித்ததில்லை.

எதிராளியிடம் ஜப்பானிய ஏலத் தாள் இருந்தது. காரோடு வந்த அந்தத் தாளைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மொழிபெயர்த்து எடுத்தோம். வாகனம் ஹொக்கைடோவிலிருந்து வந்தது, பனிக்கால டயர் பூட்டியிருக்கிறது என்ற குறிப்பு அதில் இருந்தது. எதிராளி, “எனக்கு ஜப்பான் வாசிக்கத் தெரியாது” என்றார். நான் அதை நம்பினேன், நீதிமன்றமும் நம்பியது. ஆனால் 15ஆம் பிரிவில் விற்பவரின் அறியாமை ஒரு பதில் அல்ல. தெரிந்து ஏமாற்றினாரா என்று இந்தச் சட்டம் கேட்பதில்லை. தெரியாத விடயத்தில் தெரிந்தவராகப் பதில் சொல்லி, அதை நம்பி ஒருவர் பணம் கொடுத்தால், பொறுப்பு சொன்னவருடையது.

ஒரு தடை மிச்சமிருந்தது. ரசீதின் அடியில் ‘விற்ற பொருள் மீள ஏற்கப்படமாட்டாது, எவ்வித உத்தரவாதமும் இல்லை’ என்று அச்சிடப்பட்டிருந்தது. அத்தோடு, வர்த்தகப் பெயரால் குறிப்பிட்டு வாங்கும் பொருளுக்குத் தேவைப் பொருத்தம் பற்றிய நிபந்தனை கிடையாது என்ற விதிவிலக்கும் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் பதிலாக நான் எடுத்துவைத்தது இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த, 1925ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் உள்ள பால்ட்ரி எதிர் மார்ஷல் வழக்கு. அதுவும் ஒரு வேகக் கார் வழக்குத்தான். சுற்றுப்பயணம் போக வசதியான கார் வேண்டும் என்று வாங்குபவர் சொன்னார். வியாபாரிகள் புகாட்டியைச் சிபாரிசு செய்தார்கள். வாங்கிப் பார்த்தால் பந்தயத்துக்குப் பிறந்த கார், பயணத்துக்குப் பொருந்தவில்லை. ஒப்பந்தத்தில் உத்தரவாதம் எதுவும் இல்லை என்ற வாசகம் இருந்தது. தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பது உத்தரவாதத்தைவிட ஆழமான நிபந்தனை, அந்த வாசகம் அதைத் தொடாது என்று நீதிமன்றம் சொன்னது. பெயர் சொல்லி வாங்கினாலும், விற்பவரின் அறிவை நம்பி வாங்கியிருந்தால் வர்த்தகப் பெயர் விதிவிலக்கும் உதவாது என்றது. புகாட்டி நல்ல காரா என்று அந்த நீதிபதிகள் விசாரிக்கவில்லை. அந்த மனிதருக்கு, அந்தப் பயணத்துக்குப் பொருந்துமா என்றுதான் பார்த்தார்கள். ஆங்கிலத்தில் இருந்த அந்தத் தீர்ப்பைத் தமிழில் எடுத்துச் சொல்லி வாதிட்டேன். எதிராளியும் பின்வரிசையில் இருந்து கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கொரோனா முடக்கத்தில் தவணைகள் தள்ளிப்போயின. தீர்ப்பு 2022இல்தான் வந்தது. மூன்று எழுவினாக்களுக்கும் விடை எங்கள் பக்கம். தேவை தெரியப்படுத்தப்பட்டது, எதிராளியின் அறிவில் தங்கியிருந்தார், டயர் இந்தக் காலநிலைக்குப் பொருந்தாது. டயர்களுக்கு நட்டஈடும் வழக்குச் செலவும் கிடைத்தன. றிம்முக்கு இல்லை, 16 அங்குல றிம்மில் சரியான டயரைப் பூட்டினால் போதும் என்று நீதிபதி எங்கள் சாட்சியின் வாயாலேயே எடுத்துச் சொன்னார். விபத்துத் திருத்தச் செலவும் இல்லை. வேறு டயர் இருந்திருந்தால் அதே வேகத்தில், அதே ஈர வீதியில் கார் நின்றிருக்கும் என்பது நிரூபிக்கப்படவில்லை; வேகம் தன் பிழை என்பதை வழக்காளி முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்தக் கடைசிப் பகுதியில் எனக்கு உடன்பாடு இல்லை. டயரும் ஒரு காரணம் என்று காட்டப் போதிய சாட்சியம் இருந்தது, திருத்தச் செலவில் ஒரு பங்காவது கிடைத்திருக்க வேண்டும். மேன்முறையீடு செய்வோம் என்றேன். “வேணாம் சேர். என்ட பிழையும் இருந்ததுதானே” என்றார் அந்தப் பிள்ளை.

நட்டஈடு 2018ஆம் ஆண்டு விலைக்கே கணக்கிடப்பட்டது. இடையில் வாகன இறக்குமதி நின்றது, டயர் இறக்குமதியும் கட்டுப்படுத்தப்பட்டது, 2022இல் ரூபாய் சரிந்தது. தீர்ப்பில் கிடைத்த பணத்துக்கு நான்கு டயர் வாங்க முடியவில்லை. மிச்சத்தைத் தன் கையால் போட்டு, 185/55 ஆர் 16 அளவிலேயே சாதாரண கோடைக்கால டயர் நான்கு பூட்டினார். பூட்டியது அதே கடைக்காரர். கார் இப்போதும் ஓடுகிறது.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியது. ஜப்பானிலிருந்து கப்பல்கள் வருகின்றன; அவற்றில் பனிப் பிரதேசத்துக் கார்களும் வரும். வாங்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் குந்தி இருந்து நான்கு டயரின் பக்கவாட்டையும் துடைத்து வாசியுங்கள். ‘ஸ்டட்லெஸ்’ என்ற எழுத்தோ, மூன்று சிகர மலைக்குள் பனிச்செதில் வரைந்த அடையாளமோ இருந்தால் அந்த டயர் நமக்கு ஆகாது. விலையிலிருந்து நான்கு டயரின் பணத்தைக் கழித்துப் பேசுங்கள். புதிய டயரின் சுமை எண்ணும் வேக எழுத்தும் காருக்குக் கம்பனி விதித்ததற்குக் குறையாமல் பாருங்கள். றிம் மாற்றுவதானால் நட்டு எத்தனை, வட்டம் எத்தனை மில்லிமீற்றர் என்று அளந்த பிறகு பணம் கொடுங்கள். கார் எங்கே, எதற்காக ஓடப் போகிறது என்பதை விற்பவரிடம் வாயால் சொல்வதோடு விடாதீர்கள். ரசீதில் அதை அவர் கையால் எழுதி, கையெழுத்தும் வைக்கச் சொல்லுங்கள்.